பழைய ஜெர்மன் காரோட ஒரிஜினல் டூல் கிட்: கண்டுபிடிச்சு, சேர்த்து, பாதுகாக்க ஒரு முழு வழிகாட்டி

1950கள், 60கள்ல ஒரு ஜெர்மன் கார் ஃபேக்டரியை விட்டு வெளிய வரும்போது கூடவே ஒரு டூல் பையும் ஒரு ஜாக்கியும் வரும். போர்ஷே 356, முதல் 911, பீட்டில், மெர்சிடிஸ் எஸ்எல், பிஎம்டபிள்யூ 2002 எதுவா இருந்தாலும் இதுதான் வழக்கம். இன்னிக்கு அந்த கார்கள் நிறைய உயிரோட இருக்கு, ஆனா டூல் கிட் முழுசா இருக்கறது ரொம்பக் கம்மி. ஏன்னா ஸ்பேனரை யாரோ வீட்டு வேலைக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க, ஜாக்கி வேற கார்க்குப் போயிருக்கும், பை நனைஞ்சு மக்கிப் போயிருக்கும். அதனாலதான் ஒரு 356ஓட முழு ஒரிஜினல் கிட் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விலை போகுது.

இதுல இறங்குறவங்க நிறைய பேர் முதல் நாளே வாங்க ஆரம்பிச்சிடுறாங்க. பேர் பார்த்து, பளபளப்பு பார்த்து, போட்டோ பார்த்து வாங்குறாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: அந்தக் கார்ல அந்த டூல் என்ன வேலை செஞ்சுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. வேலை புரிஞ்சா எந்த சைஸ், எந்த வடிவம், எந்த வருஷத்து டூல் வேணும்னு பாதி தானா தெரிஞ்சிடும், மீதியை டூல் மேல இருக்கற முத்திரை சொல்லும். அதனால இந்த வழிகாட்டியில வாங்குறது நடுவுலதான் வரும்.

முதல் படி: காரோட பிறந்த தேதி

மாடல் பேர் மட்டும் பத்தாது, கார் எந்த மாசம் செஞ்சதுன்னு தெரியணும். ஏன்னா டூல் சப்ளை பண்ணின கம்பெனிகள் மாறிக்கிட்டே இருந்துச்சு, ஒரே மாடல்ல முதல் வருஷத்துக் கிட்டும் கடைசி வருஷத்துக் கிட்டும் வேற வேறயா இருக்கும். 356ஐயே எடுத்துக்கோங்க, 1948ல இருந்து 1965 வரைக்கும் வந்த கார் அது, நடுவுல ஏ, பி, சின்னு மாறிச்சு. 1956 கார்ல இருக்கற பை 1964 கார்ல இருக்கற பை இல்ல.

பீட்டில்ல இன்னொரு விஷயம் கவனிக்கணும். 50களோட நடுவுல இருந்து ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்கு மாடல் வருஷம் ஆகஸ்ட் மாசம் ஆரம்பிக்கும். 1961 செப்டம்பர்ல செஞ்ச கார் 1962 மாடல். ஆர்சி புக்ல இருக்கற வருஷத்தை மட்டும் நம்பினா ஒரு வருஷம் முன்னபின்ன தப்பாயிடும், அதுவும் ஏற்றுமதி ஆன கார்னா பதிவு பண்ணின வருஷம் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

தேதியை உறுதி பண்ண கம்பெனி ரெக்கார்டே இருக்கு. போர்ஷேல ஒவ்வொரு காருக்கும் கார்டெக்ஸ்னு ஒரு அட்டை எழுதி வச்சிருந்தாங்க. மெர்சிடிஸ்ல டேட்டா கார்டு. பீட்டில்னா வுல்ஃப்ஸ்பர்க்ல இருக்கற ஃபோக்ஸ்வாகன் ஆட்டோமியூசியம் சேஸி நம்பரை வச்சு பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒண்ணு தருது. பிஎம்டபிள்யூவுக்கு அவங்களோட கிளாசிக் பிரிவுல கேக்கலாம். இதுக்கு கொஞ்சம் காசு ஆகும், டைமும் ஆகும், ஆனா இதைச் செய்யாம அடுத்த படிக்குப் போகாதீங்க.

ரெண்டாவது படி: கிட்ல என்னென்ன இருக்கணும்

காரோட வந்த ஓனர்ஸ் மேனுவல்தான் முதல் ஆதாரம். அந்தக் காலத்து ஜெர்மன் மேனுவல் நிறையவுல டூல் பத்தி ஒரு பக்கம் இருக்கும், படத்தோடயோ பட்டியலாவோ போட்டிருப்பாங்க. அதே வருஷத்து மேனுவலா பார்த்து வாங்குங்க, மறுபதிப்பும் கிடைக்குது. ரெண்டாவது ஆதாரம் பார்ட்ஸ் கேட்டலாக். டூலுக்குன்னு தனிப் பக்கம் இருக்கும், பார்ட் நம்பரோட, எந்த சேஸி நம்பர்ல இருந்து எது மாறிச்சுங்கறதும் பல இடத்துல குறிச்சிருக்கும். மூணாவது, கை படாத கார்கள், அதாவது ஒரே குடும்பத்துல ரொம்ப வருஷம் இருந்த கார்களோட கிட் போட்டோக்கள். ஆனா ஒரே ஒரு காரை வச்சு முடிவு பண்ணாதீங்க, குறைஞ்சது நாலஞ்சு கார்ல ஒரே மாதிரி இருந்தாதான் நம்பலாம்.

356லயும் முதல் 911லயும் பொதுவா எதிர்பார்க்க வேண்டியது இதெல்லாம்: ரெண்டு பக்கமும் வாய் இருக்கற ஸ்பேனர்கள் சில, பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், வீல் ஸ்பேனர், வீல் கப்பைக் கழட்ட ஒரு கொக்கி, புல்லியை, அதாவது பெல்ட் ஓடற சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற தனி ஸ்பேனர், கூடவே ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட், ஜாக்கி. சில 356 கிட்ல மெஸ்கோ கம்பெனியோட டயர் பிரஷர் கேஜும் இருக்கும், அது தனியா கிடைக்கறது கஷ்டம், அதனால விலையும் ஜாஸ்தி. பிந்தின வருஷங்கள்ல காத்து இல்லாம மடிஞ்ச ஸ்டெப்னி போட்டு வந்த 911கள்ல டயரை நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரசரும் குடுத்தாங்க.

பீட்டில் கிட் இதைவிட சிக்கனம். இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடணும். முன்பக்க டிக்கியில ஸ்டெப்னி நடுவுல கரெக்டா உக்காருற ஒரு வட்ட டப்பா இருக்கும், உள்ள சுத்தி டூல்ஸ் அடுக்கி, மேல ஹாஸெட்னு டூல் கம்பெனி பேர் எழுதியிருக்கும். அழகான பொருள், பார்த்தவங்க எல்லாரும் ஆசைப்படுவாங்க. ஆனா அது ஒவ்வொரு காரோடயும் வந்த கிட் இல்ல, தனியா காசு குடுத்து வாங்கின ஆக்சஸரி. கார்ல அது இருந்தா சந்தோஷம், இல்லைன்னா கிட் முழுமை இல்லைன்னு அர்த்தம் இல்ல. விக்கறவர் ஒரிஜினல் ஃபேக்டரி கிட்னு சொல்லி அந்த டப்பாவைக் காட்டினா, துணிப் பையில வர வேண்டியது எங்கன்னு கேளுங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது பிஎம்டபிள்யூ ஈ30, அதாவது 1982ல வந்த 3 சீரீஸ். அதுல டூல்ஸ் டிக்கி மூடியோட உள்பக்கத்துல ஒரு தட்டுல இருக்கும், மூடியைத் திறந்து திருகைத் திருப்பினா தட்டு கீழ இறங்கும். ஒவ்வொரு டூலுக்கும் அதோட வடிவத்துலயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கறதால எது இல்லன்னு பள்ளமே சொல்லிடும். விலையும் இன்னும் கைக்கெட்டுற அளவுல இருக்கு. இதுல கண்ணைப் பழக்கிட்டு அப்புறம் போர்ஷே பக்கம் போறது நல்லது.

மூணாவது படி: டூல் எதுக்குன்னு புரிஞ்சுக்கறது

இங்கதான் நிதானமா நிக்கணும். பீட்டில் இன்ஜினையே பார்க்கலாம், 356ம் அதே வழியில வந்ததுதான்.

ஏர் கூல்டு இன்ஜின்ல ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. இன்ஜினைக் குளுரவைக்கிறது ஒரு ஃபேன், அந்த ஃபேன் டைனமோவோட அதே தண்டுல இருக்கு, ரெண்டையும் சுத்தறது ஒரே ஒரு பெல்ட். அப்ப பெல்ட் அறுந்தா என்ன ஆகும்? பேட்டரி சார்ஜ் நிக்கும், அதோட சேர்ந்து காத்தும் நிக்கும். டாஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சதும் அப்பவே ஓரமா நிறுத்தணும், இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டினா இன்ஜின் சூடாகிப் பிடிச்சிடும். ஆட்டோபான்ல, அதாவது ஜெர்மன் நெடுஞ்சாலையில, ராத்திரி இது நடந்தா டிரைவரே சரி பண்ணிக்கணும்ங்கற கணக்குலதான் அந்த டூல் பையே போட்டாங்க.

பெல்ட்டை எப்படி மாத்துறது? டைனமோ புல்லி ரெண்டு பாதியா பிரியும், நடுவுல மெல்லிசா வாஷர்கள் இருக்கும், ஷிம்னு சொல்லுவாங்க. பீட்டில்ல புல்லி நட்டு 21 மில்லிமீட்டர். பிளக் ஸ்பேனரும் அதே 21தான், அதனால ஒரே டூல்ல ரெண்டு வேலை. நட்டைத் திருகினா புல்லியும் சேர்ந்து சுத்தும் இல்லையா, அதுக்கு புல்லியோட உள்பாதி விளிம்புல ஒரு வெட்டு வச்சிருக்காங்க. ஸ்க்ரூ டிரைவரை அந்த வெட்டுல விட்டு டைனமோவோட மேல் போல்ட்டுல முட்டுக் குடுத்தா புல்லி நிக்கும், நட்டு கழளும். ஷிம்மை நடுவுல இருந்து எடுத்தா ரெண்டு பாதியும் கிட்ட வரும், பெல்ட் மேல ஏறும், இறுகும். ஷிம்மைச் சேர்த்தா தளரும். எடுத்த ஷிம்மைத் தூக்கிப் போடக்கூடாது, நட்டுக்கு அடியில வெளிப்பக்கம் வச்சு இறுக்கணும், அடுத்த புது பெல்ட்டுக்கு அது திரும்ப வேணும். கட்டைவிரலால அழுத்தினா பெல்ட் சுமாரா 15 மில்லிமீட்டர் உள்ள போனா சரி.

இப்ப கிட்டைத் திரும்பப் பாருங்க. அந்த ஸ்க்ரூ டிரைவர் ஏன் அவ்வளவு தடியா இருக்குன்னு புரியும், வளையாம முட்டுக் குடுக்கணுமே. பிளக் ஸ்பேனர் ஏன் அந்த சைஸ்னு புரியும். 356லயும் 911லயும் அதே ஷிம் முறைதான், ஆனா புல்லியைப் பிடிக்கறதுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேணாம்னு தனி ஸ்பேனரே குடுத்துட்டாங்க. அந்த புல்லி ஸ்பேனர் வேற எந்தக் கார்க்கும் உபயோகம் இல்லாததால பழைய இரும்புக்குப் போயிடுச்சு, இன்னிக்கு கிட்ல தேடிக் கிடைக்காத துண்டு பெரும்பாலும் அதுதான்.

சைஸ் விஷயத்துலயும் இதே கதை. எம்8 போல்ட்டுக்கு, அதாவது 8 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்டுக்கு, இன்னிக்கு எல்லாரும் 13 ஸ்பேனர் போடுவோம். பழைய பீட்டில் இன்ஜின்கள்ல அதே எம்8க்கு நட்டு 14, பின்னாடிதான் 13 ஆச்சு. அப்ப 50கள் கார்க்கு ஒருத்தர் 13 இருக்கற ஸ்பேனரைக் குடுத்து இதுதான் கார்லயே வந்ததுன்னு சொன்னா, உங்க இன்ஜின்ல அது எந்த நட்டுல உக்காரும்னு முதல்ல பாருங்க. எதுலயும் உக்காரலைன்னா அது வேற கார் கிட்ல இருந்து வந்தது. எம்10க்கு 17, வீல் போல்ட்டுக்கு பீட்டில்ல 19, ஈ30ல 17. உங்க காரோட நட்டு சைஸை எல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டா கடையில நிக்கும்போது பெரிய உதவி.

நாலாவது படி: முத்திரை படிக்கறது

ஜெர்மன் டூல்னா முக்கால்வாசி ஒரே வட்டாரத்துல இருந்துதான் வரும், ரைன் நதிக்குக் கிழக்க ரெம்ஷைட், வுப்பர்டால், பக்கத்துல சோலிங்கன். மலை ஓடைத் தண்ணியில சுத்தியலை ஓட்டின காலத்துல இருந்து அங்க இரும்பு வேலைதான், சோலிங்கன் கத்திக்கும் ரெம்ஷைட் டூலுக்கும் பேர் வந்துச்சு. ரெம்ஷைட்ல டூலுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, ஜெர்மனி போறவங்க இந்த ஆர்வம் இருந்தா அவசியம் பாருங்க.

கிட்ல அடிக்கடி பார்க்கப்போற பேர்கள்: ஹாஸெட், இது 1868ல ஹெர்மன் ஸெர்வர் ரெம்ஷைட்ல ஆரம்பிச்சது. டோவிடாட், கெடோரே ரெண்டும் ஒண்ணுதான், 1919ல டோவிடாட் சகோதரர்கள் ஆரம்பிச்ச கம்பெனி, அதனால ஒரு ஸ்பேனர்ல டோவிடாட்னும் இன்னொண்ணுல கெடோரேன்னும் இருந்தா கலப்படம்னு பயப்பட வேண்டாம், வருஷத்தைப் பாருங்க. போர்ஷே கிட்ல க்ளைன், மட்டடோர், ட்ரேபோ மாதிரி பேர்கள் வரும். பிஎம்டபிள்யூலயும் மெர்சிடிஸ்லயும் ஹைகோ நிறைய. பிளேயர்ல வேற கம்பெனி பேர் இருக்கறது சகஜம், ஸ்பேனர் செய்யறவங்களும் பிளேயர் செய்யறவங்களும் ஒருத்தரே இல்ல. இதனால ஒரு கிட்ல மூணு கம்பெனி பேர் இருக்கறது தப்பே இல்ல. எல்லாத்துலயும் ஒரே பேர் வேணும்னு அடம்பிடிச்சு மாத்தினவங்கதான் நல்ல கிட்டைக் கெடுத்திருக்காங்க.

பேருக்கு அடுத்து டின் நம்பர். டின்ங்கறது ஜெர்மன் தர நிர்ணயம். ரெண்டு பக்க வாய் ஸ்பேனர்ல டின் 895னு இருந்தா பழசு, டின் 3110 அதுக்கு அப்புறம் வந்த நம்பர். ஒரு பக்கம் மட்டும் வாய் இருக்கறது டின் 894. 50கள் கார்க்கு 3110 போட்ட ஸ்பேனர் வந்தா அது பின்னாடி சேர்ந்ததுன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். அப்புறம் குரோம் வனேடியம்னு எழுதியிருக்கும், அது எஃகோட வகை, அதை வச்சு தேதி சொல்ல முடியாது.

நாட்டோட பேரும் துப்பு குடுக்கும். மேட் இன் ஜெர்மனிங்கறது 1887ல பிரிட்டன் போட்ட சட்டத்தால வந்த முத்திரை, அதனால அது எந்தக் காலத்துலயும் இருக்கலாம். வெஸ்ட் ஜெர்மனின்னு இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவுல. யூஎஸ் ஸோன்னு இருந்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனியை ஜெயிச்ச நாடுகள் பகுதி பகுதியா பிரிச்சு ஆண்ட சில வருஷங்கள், அதுல அமெரிக்கப் பகுதி, ஆனா ரெம்ஷைட் பிரிட்டிஷ் பகுதியில இருந்த ஊர், அதனால ரெம்ஷைட் கம்பெனி டூல்ல யூஎஸ் ஸோன்னு பார்த்தா நின்னு நிதானமா யோசிங்க.

ஜாக்கியில இன்னும் நேரடியான சாட்சி இருக்கு. போர்ஷே ஜாக்கி பெரும்பாலும் பில்ஸ்டைன். இன்னிக்கு அந்தப் பேரை ஷாக் அப்சார்பருக்குத்தான் தெரியும், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க ஜாக்கி செஞ்சாங்க. பல பில்ஸ்டைன் ஜாக்கியில மாசமும் வருஷமும் குத்தியிருக்கும். கார் செஞ்ச தேதிக்குச் சில மாசம் முன்னாடி தேதியா இருந்தா பொருத்தம். காருக்கு அப்புறம் தேதின்னா மாத்தினதுன்னு தெளிவாயிடும். தேதி பெயின்ட்டுக்கு அடியில இருக்கலாம், டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, சுரண்டாதீங்க.

அஞ்சாவது படி: தேடி வாங்கறது

இப்பதான் பர்ஸை எடுக்கணும். ஜெர்மனியில பெரிய இடம் மன்ஹைம்ல அக்டோபர்ல நடக்கற வெட்டராமா சந்தை, பழைய பார்ட்ஸுக்குன்னே கூடுற கூட்டம். எஸன்ல நடக்கற டெக்னோ கிளாசிக்கா பெரிசு, ஆனா அங்க விலையும் பெரிசு. பழைய ஃபோக்ஸ்வாகனுக்குன்னு பாட் காம்பெர்க், ஹெஸ்ஸிஷ் ஓல்டன்டோர்ஃப் ரெண்டு ஊர்லயும் சில வருஷத்துக்கு ஒரு தடவை சந்திப்பு நடக்கும், பீட்டில் டூல் தேடறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்ல. ஆன்லைன்ல தேடும்போது இங்கிலீஷ்ல மட்டும் தேடாதீங்க, ஜெர்மன்காரங்க கார் டூல் கிட்டை போர்ட்வெர்க்ட்ஸொய்க்னும் ஜாக்கியை வாகன்ஹேபர்னும் போடுவாங்க, அந்த வார்த்தையில தேடினா வேற உலகமே திறக்கும். காரைப் பத்தியே பேசாம தாத்தாவோட டூல் பெட்டின்னு விக்கறவங்ககிட்டதான் நல்ல விலைக்குக் கிடைக்கும், ஏன்னா அவங்களுக்கு அது ஸ்பேனர், அவ்வளவுதான்.

முழு கிட்டா வாங்கறதா, துண்டு துண்டா சேர்க்கறதா? என் கருத்து, பையோட சேர்ந்து ஒரே வீட்டுல இருந்து வர்ற கிட் ஒண்ணு ரெண்டு டூல் குறைஞ்சாலும் பரவாயில்ல, அதையே வாங்குங்க. வியாபாரி அங்கங்க பொறுக்கிச் சேர்த்து முழு கிட்னு விக்கறதுக்கு முழு கிட் விலை குடுக்காதீங்க. அந்தச் சேர்க்கற வேலையை நீங்களே செஞ்சா பாதி செலவுதான் ஆகும், தேதியும் உங்க கார்க்குப் பொருந்துற மாதிரி பார்த்து எடுக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் க்ளோசப் போட்டோ கேளுங்க, பேர், சைஸ், டின் நம்பர் எல்லாம் தெரியணும். அனுப்ப மாட்டேங்கறவர்கிட்ட வாங்காதீங்க.

நேர்ல போய் வாங்கினவங்க பிளைட்ல வரும்போது டூல்ஸைக் கண்டிப்பா செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தா செக்யூரிட்டியில பறிபோயிடும், திரும்ப வராது.

ஆறாவது படி: போலியைப் பிடிக்கறது

விலை ஏற ஏற புதுசா செஞ்ச நகல், அதாவது ரீப்ரொடக்‌ஷனும் ஏறிச்சு. ரீப்ரொடக்‌ஷன்னு சொல்லி விக்கறதுல தப்பில்ல, பையும் கொக்கியும் புதுசா வாங்கிப் போடலாம். பழசுன்னு சொல்லி விக்கறதுதான் பிரச்சினை.

உண்மையான ஸ்பேனர் அடிச்சு உருவாக்கினது, அதாவது ஃபோர்ஜ்டு. ஓரத்துல அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு அரைச்சு எடுத்த தடம் தெரியும், எழுத்தோட ஓரம் கூர்மையா இருக்கும். வார்ப்புல செஞ்ச போலியில மேல்பரப்பு பொடிப்பொடியா, எழுத்து மொழுக்குன்னு இருக்கும். தேய்மானத்தையும் பாருங்க. உடம்பு முழுக்க தேஞ்சு கம்பெனி பேர் மட்டும் புதுசா பளிச்சுன்னு இருந்தா யாரோ பின்னாடி குத்தியிருக்காங்க. பேர் இருக்கற இடம் மட்டும் லேசா பள்ளமா இருந்தா பழைய பேரை அரைச்சு எடுத்துட்டு வேற பேர் போட்டிருக்காங்க, விரல் நுனியால தடவினாலே தெரியும். ஜாக்கியில தேதி எழுத்தோட பள்ளத்துக்குள்ள பழைய பெயின்ட்டோ அழுக்கோ இருக்கணும், வெறும் பளபள இரும்பு தெரிஞ்சா விட்டுடுங்க. பையில டூல் பதிஞ்ச தடம் இருக்கும், பல வருஷம் ஒரே இடத்துல இருந்ததால நிழல் மாதிரி விழுந்திருக்கும். டூலை அந்தத் தடத்து மேல வச்சுப் பாருங்க, வடிவம் ஒத்துப்போனா ரெண்டும் ஒண்ணா வாழ்ந்ததுதான்.

ஏழாவது படி: சுத்தம் பண்றது

இங்கதான் அதிகமான கிட்கள் செத்துப்போச்சு. கிரைண்டர்ல ஒயர் வீல் மாட்டி, எம்ரி பேப்பர் போட்டு, குரோம் முலாம் அடிச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிடுறாங்க. ஆனா பல ஒரிஜினல் டூல் பளபளன்னே வரல, கறுப்பா சாம்பலா பாஸ்பேட் பூச்சோட வந்துச்சு. அந்தப் பூச்சு போயிட்டா திரும்ப வராது, எவ்வளவு காசு குடுத்தாலும் அதே மாதிரி வராது.

முதல்ல மண்ணெண்ணெய் இல்லைன்னா வைட் ஸ்பிரிட்ல பழைய கிரீஸைக் கழுவுங்க, நைலான் பிரஷ் போதும். துடைச்சு வெளிச்சத்துல வச்சு என்ன பூச்சுன்னு பாருங்க. பாஸ்பேட்னா எண்ணெய் தொட்ட மெல்லிய பித்தளை கம்பளியால துருவை மட்டும் லேசா தேய்ங்க, நிறுத்த வேண்டிய இடம் தெரிஞ்சு நிறுத்துங்க, பூச்சுக்கு அடியில கொஞ்சம் பழுப்பு தங்கினா தங்கட்டும். குரோம்னா அலுமினிய தாளைக் கசக்கித் தண்ணியில நனைச்சு மெதுவா தேய்ச்சா மேலோட்டமான துரு வந்துடும். பூச்சே இல்லாம முழுக்க துரு பிடிச்சதுக்கு மட்டும் சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம், அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க, ராத்திரி முழுக்க ஊறப்போடாதீங்க, கடினப்படுத்தின எஃகை ஆசிட்ல ரொம்ப நேரம் வச்சா உடையற தன்மை வரும். எடுத்ததும் சோடா உப்பு தண்ணியில கழுவி, அப்பவே சூடு காட்டி காய வச்சு, மெல்லிசா மெஷின் ஆயில் தடவுங்க. முலாம் இருக்கற டூலை இந்த ஆசிட்ல போடவே கூடாது, துத்தநாக முலாம் துருவுக்கு முன்னாடி கரைஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து முலாம் சிலது கேட்மியம், அது விஷம். மங்கலான வெள்ளியாவோ மஞ்சள் சாயலோடவோ இருக்கற பூச்சை எம்ரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, தூசி மூச்சுல போகக்கூடாது. ஈரத்துணியால துடைச்சு எண்ணெய் தடவி விட்டுடுங்க.

ஜாக்கியைப் பிரிச்சு திருகு தண்டுல இருக்கற காஞ்ச கிரீஸை எடுத்துட்டு புது கிரீஸ் வைங்க. பெயின்ட் பாதிக்கு மேல இருந்தா திரும்ப அடிக்காதீங்க. காரைத் தூக்கறது வேற விஷயம். பீட்டில்லயும் 356லயும் ஜாக்கி காரோட பக்கவாட்டுல, அடியில இருக்கற ஒரு குழாய்க்குள்ள சொருகித் தூக்கற மாதிரி. அந்தக் குழாய் பிடிச்சிருக்கற தகடு இந்தக் கார்கள்ல துருப்பிடிக்கறதுக்குப் பேர் போன இடம். வெளிய பெயின்ட் நல்லா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது, தூக்கும்போது மடங்கி கார் சரிஞ்சிடும். தகடு உறுதின்னு வெல்டர் பார்த்து சொல்லாம ஒரிஜினல் ஜாக்கியில காரைத் தூக்காதீங்க, தூக்கினாலும் ஸ்டாண்டு குடுக்காம அடியில போகாதீங்க.

எட்டாவது படி: வைக்கிறதும் எழுதி வைக்கிறதும்

பை வினைலா இருந்தா சோப்புத் தண்ணி, ஈரத்துணி, அவ்வளவுதான். தின்னர் போட்டா கரைஞ்சு ஒட்டிக்கும். துணியா இருந்தா வாஷிங் மெஷின் வேண்டாம், சாயமும் தடமும் போயிடும். தையல் விட்டிருந்தா பழைய ஓட்டையிலேயே அதே தடிமன் நூலை விட்டுக் கையால தைங்க. வார் தோலா இருந்தா இரும்பு மேல நேரா படாம பார்த்துக்கோங்க, தோல் பதப்படுத்தின அமிலமும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்னும்.

கடலோரத்து ஊர்கள்ல, சென்னையானாலும் கொழும்பானாலும், உப்புக் காத்துதான் எதிரி. இலங்கையில இன்னும் நல்ல பீட்டில்கள் ஓடுது, அங்க இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கஷ்டம்தான். டூலை எப்பவும் பையிலயே சுத்தி டிக்கியில போட்டு வைக்காதீங்க. ஒவ்வொண்ணையும் துருத்தடுப்பு காகிதத்துல சுத்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடின டப்பாவுல வீட்டுக்குள்ள வைங்க, பையைத் தனியா விரிச்சு வைங்க. மழைக்காலம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை எடுத்துத் துடைச்சு எண்ணெய் தொட்டா போதும். ரோட்டுல ஓட்டும்போது டிக்கியில புது ஸ்பேனர் செட் ஒண்ணு, நல்ல ஜாக்கி ஒண்ணு, ஸ்பேர் பெல்ட் ஒண்ணு இருக்கட்டும். ஒரிஜினலை ஷோவுக்கு எடுத்துட்டுப் போங்க.

கடைசியா ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு டூலுக்கும் ரெண்டு பக்க போட்டோ, பேர், சைஸ், டின் நம்பர், எங்க எப்ப வாங்கினது, என்ன சுத்தம் பண்ணினது, எது ஒரிஜினல், எது ரீப்ரொடக்‌ஷன். புதுசா செஞ்ச பையையோ கொக்கியையோ போட்டிருந்தா அதை வெளிப்படையா எழுதுங்க, முப்பது வருஷம் கழிச்சு அதுவும் பழசாயிடும், அப்ப வர்றவருக்கு எது எதுன்னு தெரியாது. அந்த நோட்டோட ஒரு காப்பியைக் காரோட பேப்பர்களோட சேர்த்து வைங்க, கார் கை மாறும்போது கிட்டும் அந்தக் காரோடயே போகட்டும், தனியா பிரிச்சு வித்துடாதீங்க.